நனைந்த கைலியும் நம்பாத நர்ஸும்

பிரசவ வார்டு நர்ஸுக்கு முதலில் வேண்டியது கருணை என்பார்கள். என்னைக் கேட்டால் சந்தேகம். பினாங்கில் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை; இங்கே நர்ஸை 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுவார்கள். "மிஸ்ஸி, தண்ணி போவுது" என்று வருகிறவர்களுக்குப் போவது பனிக்குட நீரா, சிறுநீரா, வெறும் வெள்ளைப்படுதலா என்று கண்டுபிடிப்பதிலேயே பாதிப் பொழுது போய்விடும். கர்ப்பத்தில் நனைந்த கைலியோடு திகைத்து நின்றவர்களுக்கு அந்தக் குழப்பம் தெரியும்.

ஓர் இருமல்

கலைவாணி பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவள். ஏழாம் மாதம். "மூத்திரம்தான் மிஸ்ஸி, அடக்க முடியல. சூப்பர்வைசர்தான் பயந்து அனுப்பிட்டாங்க" என்று சொல்லி, உடனே கிளம்பப் பார்த்தாள். அவள் வைத்திருந்த நாப்கின் பேடை வாங்கி மோந்து பார்த்தேன். மூத்திர வாடை இல்லை. டாக்டர் கருவி வைத்துப் பார்த்தபடி இருமச் சொன்னார். ஒரே இருமலில் தெளிந்த நீர் வழிந்து உள்ளே தேங்கியது. பனிக்குட நீரேதான்.

குழந்தையின் நுரையீரலுக்காக அன்றே ஊசி போட்டோம். பிள்ளை குறைமாதத்தில் பிறந்து, இன்குபேட்டரில் தேறி வீட்டுக்குப் போனான். ஆனால் அன்று ஊசி போட்ட கையைத் தேய்த்தபடி அவள் கேட்டது எனக்கு மறக்கவில்லை: "அப்ப இத்தன நாளா நான் தொடச்சுப் போட்டது என் பிள்ளையோட தண்ணியா?"

நீலத் தாள்

பனிக்குட நீர் பட்டால் எங்கள் சோதனைத் தாள் நீலமாகும். சூலியா தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவரின் மனைவிக்கு அப்படித்தான் ஆனது. ஆனால் உள்ளே நீர் தேங்கவில்லை. ஸ்கேனிலும் குழந்தையைச் சுற்றி நீர் குறையவில்லை. விந்து பட்டாலும் தாள் நீலமாகும் என்பதால், சேர்ந்திருந்தீர்களா என்று கேட்டாக வேண்டியிருந்தது. "இல்ல" என்றார் மனைவி. "ஆமா" என்றார் கணவர். இரண்டும் ஒன்றாக வந்தன. நீலத் தாளைப் பார்த்தபடி கணவர் சொன்னார்: "இந்தக் காகிதம் போலீஸ்காரன விட மோசம்லா, மிஸ்ஸி."

காய்ந்த பேடு

பைராம் தோட்டத்திலிருந்து வந்த செல்விக்கு எட்டாம் மாதம். பேடு காய்ந்திருந்தது, தாள் மஞ்சளாகவே இருந்தது. வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். அவள் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. "படுத்தா நிக்குது, நடந்தா வருது" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் சொல்கிறாளோ என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். புதுப் பேடு கொடுத்து, வராந்தாவில் நடக்கச் சொன்னோம்.

பாதி வராந்தாவில் சுவரைப் பிடித்து நின்றுவிட்டாள். பேடு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. இந்தத் தடவை தாளும் நீலமானது. வார்டில் சேர்த்துக் கவனித்தோம். பெண் குழந்தை, இருவரும் நலம். வீட்டுக்குக் கிளம்பும்போது சொன்னாள்: "நான் பொய் சொல்றேன்னுதானே நெனச்சீங்க? பரவால்ல மிஸ்ஸி, என் மாமியாரும் அப்படித்தான் நெனச்சாங்க."

இத்தனை வருஷத்தில் எனக்கு ஒட்டிக்கொண்டது ஒன்றுதான்: வீட்டுத் தரையில் தண்ணீர் கிடந்தால்கூட, அது எங்கிருந்து வந்தது என்று விசாரிக்காமல் என்னால் தாண்டிப் போக முடிவதில்லை.