வடக்கைப் பார்த்த இரும்புக் கதவு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் கொல்லிமலை வளப்பூர் நாட்டில் போய் அறப்பளி என்று என் பெயரைச் சொல்லிப் பாருங்கள். பாறைமேடாகக் கிடந்த நிலத்தை உடைத்து மிளகுத் தோட்டம் ஆக்கியவன் நான். கொடி ஏற்றுவதற்கு சில்வர் ஓக் கன்றுகளைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் நட்டபோது, "கொரங்குக்கு ஊஞ்சல் கட்டறான் பாரு" என்று சிரித்தவர்கள், பிறகு என்னிடமே மிளகுக்கொடி கேட்டு வந்து நின்றார்கள். சொந்தமாக லாரி வாங்கி, மரவள்ளிக் கிழங்கு ஏற்றி, கொண்டை ஊசி வளைவுகளில் நானே ஓட்டிக் கீழே இறக்கினேன். கரண்டு ஒழுங்காக வராத காலத்தில் டீசல் என்ஜின் வைத்து மாவு மில் போட்டேன். மாடி வீடு கட்டினேன். அதற்கு இன்ஜினியரும் நான்தான், மேஸ்திரியும் நான்தான். மகளை நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்து, மகனைப் படிக்கவைத்து விமானம் ஏற்றினேன். இத்தனையும் செய்தவனை ஆஸ்திரேலியாவில் ஒரு தகரக் கதவு மண்டியிட வைக்கப் பார்த்தது. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

இங்கே அடிலெய்டில் மார்கழி மாதம் வெயில் கொளுத்துகிறது. ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்கள் பனி, குளிர், கம்பளி என்கிறார்கள். நான் பனியனையும் கழற்றிப் போட்டுவிட்டு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து 'அப்படியா, அப்படியா' என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வெயிலுக்கு நம் வெயிலைப் போல ஈரம் கிடையாது. அடுப்பைத் திறந்து முகத்தை உள்ளே நீட்டின மாதிரி இருக்கும். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, சாயங்காலமானால் கடல் காற்று வந்து எல்லாவற்றையும் மன்னித்துவிடும். தெருவெல்லாம் துடைத்துவைத்த தட்டு மாதிரி சுத்தம். பஸ் ஏறினால் டிரைவர் வணக்கம் சொல்கிறார், இறங்குகிறவர்கள் அவருக்கு நன்றி சொல்கிறார்கள். நான் லாரி ஓட்டிய காலத்தில் எனக்கு ஒருத்தரும் நன்றி சொன்னதில்லை. இந்த நாட்டை எனக்குப் பிடித்துப்போனதற்கு அது ஒன்றே போதும்.

என் மகன் குணாவின் வீட்டில் காருக்கென்று தனி அறை இருக்கிறது. கராஜ் என்பார்கள். அதன் கதவு நம் ஊர்க் கடை ஷட்டர் போலச் சுருளாது. அகலமான இரும்புத் தகடுகளைக் கீல் போட்டுக் கோத்திருக்கிறார்கள். பொத்தானை அமுக்கினால் மோட்டார் இழுக்க, மேலே ஏறி, வளைந்து, கூரைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். காரைத் தெருவில் நிறுத்திவிட்டு அந்த அறையை என் மருமகள் பூங்கொடி தையல் கூடமாக்கிக்கொண்டாள். அதற்கு முன் அவள் ஒரு பெரிய குளிர்கிடங்கில் ராத்திரி ஷிப்டில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். விடிகாலையில் வந்து, விரல்கள் மடங்காமல், வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதை விட்டுவிட்டு இரண்டு தையல் மெஷின் வாங்கிப் போட்டாள். இங்கே புடவைக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்க ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. தமிழ்ப் பெண்கள், தெலுங்குப் பெண்கள், குஜராத்திகள் என்று குளிர்காலம் முழுக்க வந்தார்கள். பூங்கொடி பாட்டுப் பாடிக்கொண்டே தைத்தாள்.

அந்த அறையை அவளுக்குக் காட்டிக்கொடுத்தவன் நான்தான். "வடக்குப் பாத்த கதவு கண்ணு. மார்கழி, தையில ஒரு பொட்டு வெயில் வராது" என்றேன். எந்தக் கணக்கில் சொன்னேன் என்றால், எங்கள் மலையில் மிளகு பறித்துக் காயவைப்பது அந்த மாதங்களில்தான். சூரியன் தெற்கே சாய்ந்து போகும். அதனால் மிளகுக் களத்தை எப்போதும் வீட்டுக்குத் தெற்கே வைப்போம். வடக்கே போட்டால் வீட்டு நிழல் விழுந்து மிளகு பூஞ்சணம் பிடித்துவிடும். வாழ்நாள் முழுக்கப் பார்த்த கணக்கு. யாரிடமும் கேட்க வேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்தேன்.

மார்கழி பிறந்ததும் அந்த அறை சுண்ணாம்புக் காளவாய் ஆகிவிட்டது. நான் பச்சை நிழல்வலை வாங்கி வந்து தெற்குப் பக்க ஜன்னலுக்கு வெளியே பந்தல் கட்டினேன். ஒன்றும் குறையவில்லை. அளவு பார்க்க வந்த ஒரு பெண் ரவிக்கையைப் போட்டபடியே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்கள், "வெயில் போகட்டும், அப்புறம் வரோம்" என்று நின்றுகொண்டார்கள். ஏசி போட்டுக் குளிரவைக்கலாம் என்றால், அந்த இரும்புக் கதவு இருக்கிறவரை அது தெருவைக் குளிரவைப்பதற்குச் சமம். பூங்கொடி ஒரு வாரம் பாட்டில்லாமல் கையிலிருந்த துணிகளைத் தைத்து முடித்தாள். அப்புறம் சோறு போடும்போது சாதாரணமாகச் சொன்னாள்: "மெஷின வித்தர்றேங்க மாமா. சனிக்கெழம ஒரு அம்மா பாக்க வாராங்க. குடோன்ல மறுபடியும் கூப்பிடறாங்க." குணா தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான்.

மறுநாள் உச்சி வேளையில் தபால் பெட்டி பார்க்க வெளியே போனேன். தற்செயலாகக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். என் நிழல் தெற்கே விழுந்து கிடந்தது. மார்கழி உச்சியில் நிழல் வடக்கேதான் விழ வேண்டும். தலைதான் சுற்றுகிறதோ என்று துடைப்பக் கட்டையைக் கொண்டுவந்து புல்தரையில் நட்டு, நிழல் முனையில் கூழாங்கல் வைத்து, பக்கத்திலேயே நின்று பார்த்தேன். எதிர் வீட்டிலிருந்து கெவின் ஓடி வந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், என் வயதுதான் இருக்கும். கையில் தண்ணீர் பாட்டில். வீடு தெரியாமல் கிழவன் வெயிலில் நிற்கிறான் என்று நினைத்துவிட்டார்.

"யூ லாஸ்ட், மேட்?" என்றார். மேட் என்றால் இங்கே சிநேகிதன்.

"ஐ நோ லாஸ்ட். சன் லாஸ்ட்" என்றேன்.

அவர் கட்டையைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என்னைக் கேலி செய்யும் சிரிப்பு இல்லை அது. கையைப் பிடித்து அழைத்துப்போய் கராஜ் கதவில் என் உள்ளங்கையை வைத்தார். சுரீர் என்றது. வானத்தைக் காட்டினார். இந்த நாட்டில் சூரியன் வடக்கு வழியாகப் போகிறது. வடக்கே பார்த்த அந்தக் கதவுதான் காலையிலிருந்து மாலை வரை வெயிலைக் குடித்துக்கொண்டிருந்தது. நான் வெயிலே வராத தெற்கில் பந்தல் போட்டுக் காவல் காத்திருக்கிறேன். தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டால் எனக்கு அப்புறம் வேலை பாதி முடிந்த மாதிரி.

அன்றைக்கே கெவினின் காரில் ஒரு கடைக்குப் போனோம். கடையா அது! எங்கள் சந்தைத் திடலே உள்ளே அடங்கும். ஆணியிலிருந்து கதவு வரை எல்லாம் அடுக்கிவைத்திருக்கிறார்கள். வேண்டியதை வாங்கிப்போய் அவரவர் வீட்டு வேலையை அவரவரே செய்கிறார்கள். டாக்டர்கூட ஏணி ஏறித் தன் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிற நாடு. கை வேலைக்கு இத்தனை மரியாதை இருக்கிறதே என்று எனக்கு மனது நிறைந்துபோனது. அங்கிருந்த பெண்ணிடம் "தெர்மாகோல்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. முகம் சுளிக்காமல் மெத்தை, தலையணை, ஸ்பாஞ்சு என்று எல்லா இடத்துக்கும் என்னைக் கூட்டிப்போனாள். கடைசியில் ஒரு டிவி பெட்டிக்குள் இருந்த வெள்ளைக் கட்டையை நானே தட்டிக் காட்டினேன். ஒரு பக்கம் வெள்ளித்தாள் ஒட்டிய தெர்மாகோல் பலகைகள் கிடைத்தன. ஓரங்களுக்கு ரப்பர் பட்டையும் வாங்கினோம்.

வேலை தொடங்கியதும் எங்களுக்குள் சண்டை வந்தது. கெவின் பலகை முழுக்கப் பசை தடவி, வெள்ளித்தாள் அறைப் பக்கம் தெரிய, தகட்டோடு அழுத்தி ஒட்டப் போனார். நான் பிடுங்கினேன். "நோ. ஏர். லிட்டில் ஏர்" என்றேன். அவர் எனக்குக் காற்று வேண்டுமாக்கும் என்று ஓடிப்போய் மின்விசிறியைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே வைத்தார். பூங்கொடி சிரித்தாள். ஒரு வாரத்தில் அன்றுதான் அவள் சிரித்தது.

என்ன விஷயம் என்றால், ஊரில் என் மிளகுக் கிடங்குக்குத் தகரக் கூரை. பகலில் உள்ளே நிற்க முடியாது. தகரத்தின் மேல் புல்லைப் பரப்பிப் பார்த்தேன். சூடு புல்லிலேயே ஊறி உள்ளே இறங்கியது. பிறகு மூங்கில் பட்டைகளைக் குறுக்கே கட்டி, புல்லைத் தகரத்தில் ஒட்டாமல் தூக்கி வேய்ந்தேன். நடுவில் ஒரு விரல் இடைவெளி. அவ்வளவுதான், கிடங்கு குளிர்ந்துவிட்டது. அதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. துண்டு துண்டாகத் தெர்மாகோலை நறுக்கி, தகட்டில் அங்கங்கே பொட்டு மாதிரி ஒட்டி, அதன் மேல் பலகையை வைத்து, வெள்ளித்தாளைத் தகட்டுப் பக்கமாகத் திருப்பிக் காட்டினேன். வருகிற சூட்டை அது முகத்திலேயே திருப்பி அடிக்கட்டும் என்று. கெவின் கொஞ்ச நேரம் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். "ஸ்மார்ட்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து பொத்தானை அமுக்கினோம். கதவு முழங்கால் உயரம் ஏறியது, முனகியது, நின்றுவிட்டது. பலகையின் கனம் கூடிப்போனதால் மேலே இருக்கிற ஸ்பிரிங்குக்குத் தூக்கச் சக்தி போதவில்லை. பூங்கொடியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அளவு பார்க்க வருகிறவர்கள் அந்தக் கதவு வழியாகத்தான் வர வேண்டும். ஸ்பிரிங்கை நானே முறுக்கிவிடலாம் என்று ஸ்பானரோடு ஏணியில் ஏறினேன். கெவின் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நோ, மேட். நோ." பூங்கொடி ஏணியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்: "மொதல்ல எறங்குங்க மாமா! மெஷின் போனாப் போவுது, உங்க கை போனா அத்தைக்கு நான் என்ன பதில் சொல்றது?" முறுக்கிவைத்த இரும்புக்குள் எவ்வளவு கோபம் இருக்கும் என்பது லாரிக்காரனுக்குத் தெரியாதா? தெரிந்துதான் இறங்கினேன். மறுநாள் காலையில் அந்த வேலைக்கென்றே இருக்கிற ஆள் வந்தார். நீளமான கம்பிகளைச் செருகி ஸ்பிரிங்கை முறுக்கினார். பொத்தானை அமுக்கினால், கதவு பூனை மாதிரி சத்தமில்லாமல் ஏறியது.

மெஷின் வாங்க வருவதாகச் சொன்ன அம்மா உச்சி வெயிலில் வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர், பேச்சில் தெரிந்தது. உள்ளே வந்து கதவை இறக்கியதும் புடவைத் தலைப்பால் விசிறிக்கொள்ளப் போனவர், கையை நிறுத்திக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

"ஏசி ஓடுதா?"

"இல்லீங்க. வெறும் ஃபேன்தானுங்க" என்றாள் பூங்கொடி.

அவர் போய்க் கதவின் உள்பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தார். வைத்த கையை எடுக்கவில்லை. "சரி, மெஷினக் காட்டுங்க" என்றார்.

பூங்கொடி மெஷின் மேல் போட்டிருந்த துணியைப் பிடித்தாள். விலக்கவில்லை. என்னைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "தப்பா நெனைச்சுக்காதீங்க. விக்கறதா இல்லீங்க."

"பின்ன எதுக்கும்மா என்னைய இம்புட்டுத் தூரம் வர வச்சீக?"

"காப்பி குடிச்சுட்டுப் போங்க. அளவு குடுங்க, ஒரு ரவிக்க தைச்சுத் தாரேன்."

அந்த அம்மா முணுமுணுத்துக்கொண்டேதான் காப்பி குடித்தார். அளவு கொடுக்கவில்லை. போகும்போது, "என் வீட்டு கராஜும் இப்படித்தான் வேகுது" என்று மட்டும் சொன்னார். பூங்கொடி குளிர்கிடங்குக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் குணா ஒரு வீடியோ எடுக்கலாம் என்றான். "அப்பா, இந்தப் போனக் கொஞ்சம் புடிங்க" என்று என் கையில் கொடுத்துவிட்டு, கெவின் தோளில் கை போட்டுக்கொண்டு, "நாங்க ரெண்டு பேரும் சேந்து இந்தக் கதவ..." என்று பேசினான். நான் ஆடாமல் அசையாமல் பிடித்தேன். அது ஊர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. மறுநாள் மலையிலிருந்து என் வீட்டுக்காரி நல்லம்மாள் கூப்பிட்டாள். அவளுக்கு விமானம் ஏறப் பயம். மகளோடு அங்கேயே இருக்கிறாள்.

"ஏனுங்க, பையன் எவ்வளவு நல்லா செஞ்சிருக்கான்! பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அந்த வெள்ளக்காரர் வயசான காலத்துல எவ்வளவு ஒத்தாசை பண்ணியிருக்காரு. நீங்க சும்மா உக்காந்துக்கிட்டிருக்காம ஒரு கை புடிச்சிருக்கலாமில்ல?"

நான் போனை வைத்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். கெவினுக்குக் கண் இருந்தது, கருவி இருந்தது, பெரிய மனது இருந்தது. அதை எங்கே கேட்டாலும் சொல்வேன். ஸ்பிரிங் முறுக்கிய ஆள் இல்லாவிட்டால் கதவு இன்னும் முழங்காலிலேயே நின்றிருக்கும். பூங்கொடி அத்தனை வெயிலிலும் அந்த அறையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். குணா தெர்மாகோலுக்குப் பணம் கொடுத்தான்; வேலை நடந்த இரண்டு நாளும் அவன் ஆபீசில் இருந்தான். அவரவர் பங்கை அவரவருக்கு எழுதிவிட்டேன். வளப்பூர் நாட்டு ஜனங்களே, இதைப் படிக்கிறவர்கள் முதலில் நல்லம்மாளிடம் போய் வாசித்துக் காட்டுங்கள்.

கதவின் உள்பக்கத்தில் என் பெயரை எழுத வேண்டும் என்று மகனிடம் கேட்டிருக்கிறேன். "இங்க யாருப்பா தமிழ் படிக்கப் போறாங்க?" என்கிறான். தெருவில் போகிறவனுக்கு அது வெறும் வெள்ளைக் கதவு, ஊரில் இருப்பவர்களுக்கு அது குணா செய்த கதவு. ஆனால் ரவிக்கை அளவு கொடுக்க வருகிற பெண்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது அண்ணாந்து பார்ப்பார்கள். கதவு திறந்திருந்தால் எழுத்து அவர்கள் தலைக்கு மேலே கூரையில் இருக்கும், மூடியிருந்தால் முகத்துக்கு நேரே இருக்கும். எப்படி இருந்தாலும் படித்துத்தான் ஆக வேண்டும். இப்படி எழுது குணா: 'அடிலெய்டு வெயிலை இந்த வாசலில் நிறுத்தியவர், கொல்லிமலை வளப்பூர் நாடு அறப்பளி.' ஊர்ப் பெயரை விட்டுவிடாதே. எழுத்து பெரிதாக இருக்கட்டும்.