தங்கச்சி வீட்டுச் சறுக்குமரம்

தங்கை பைபாஸ் பக்கம் அடுக்குமாடி வீடு வாங்கிப் பால் காய்ச்சிய அன்றே எனக்கு வயிறு எரிந்தது. வீட்டைப் பார்த்தல்ல. கீழே, சுற்றுச்சுவருக்குள் மணல் கொட்டி, ஊஞ்சலும் சறுக்குமரமும் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான்.

நாங்கள் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு காம்பவுண்டு வீட்டில் இருந்தோம். எதிரெதிர் வரிசையாக ஆறு குடும்பங்கள். நடுவில் இருந்த நடைபாதை முழுக்கப் பைக்குகள். எட்டு வயது மகள் மொட்டை மாடியில் கயிறு தாண்டினால், "மண்டைக்கு மேல தடதடங்குதும்மா" என்று வீட்டுக்காரர் குரல் கொடுப்பார். பிள்ளைகள் பந்து விளையாடிய பக்கத்துக் காலி மனையிலும் அஸ்திவாரம் தோண்டிவிட்டார்கள்.

அதனால் சாயங்காலம் ஆனால் மகளை ஸ்கூட்டியில் ஏற்றித் தங்கை வீட்டுக்குப் போவேன். அவள் பால்கனியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே கீழே விளையாடும் தன் மகளைப் பார்த்துக்கொள்வாள். அந்தச் சௌகரியம் என்னைக் குத்தும். திரும்பி வந்து சோறு போடும்போது, "நம்ம வீடு ஏம்மா சித்தி வீடு மாதிரி இல்ல?" என்று மகள் கேட்பாள். நான் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவேன்.

ஒரு நாள் வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்தினார். "வெளிப்பிள்ளைகள விளையாட விடக் கூடாதுன்னு செகரட்டரி சொல்லிட்டாரும்மா."

தங்கைக்குப் போன் செய்தேன். "தப்பா நெனைக்காதக்கா. மீட்டிங்ல முடிவு பண்ணிட்டாங்க, நான் என்ன செய்ய?"

"நீ ஒண்ணும் செய்ய வேணாம்டி" என்று வைத்துவிட்டேன். அப்புறம் அவள் கூப்பிட்டபோதெல்லாம் எடுக்கவில்லை.

ஆடி பிறந்தது. எங்கள் தெருமுனையில் ஒரு கல்யாண மண்டபம் உண்டு. கல்யாணம் இல்லாத மாதம் என்பதால் கார் நிறுத்தும் இடம் வெறிச்சென்று கிடந்தது. மேனேஜரிடம் போய்க் கேட்டேன்.

"கண்ணாடி கிண்ணாடி ஒடஞ்சா நீங்கதான் பொறுப்பு."

"சரிண்ணே, நானே கூட இருந்து பாத்துக்கிறேன்."

காம்பவுண்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் வந்தார்கள். ஊஞ்சல் இல்லை, ஒன்றும் இல்லை. ஓட இடம் இருந்தது, ஓடினார்கள். அதை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டேன். எல்லாருக்கும் என்று போட்டாலும், ஒருத்தி பார்க்க வேண்டும் என்றுதான் போட்டேன்.

பார்த்தாள். இரண்டொரு நாளில் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து மண்டபப் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னடி, அங்க ஊஞ்சல் காலியா இல்லையா?" என்றேன்.

"காலியாத்தான்க்கா கெடக்கு. மத்த பிள்ளைகெல்லாம் டியூஷன், அபாகஸ்னு போயிருதுக. இவ மட்டும் ஒத்தையில ஆடிட்டு, செத்த நேரத்துல மேல வந்து செல்போன எடுத்துக்கிறா. உன் மகளுக்கு எம்புட்டுக் கூட்டு, பாரு."

அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும் என்று எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். கொஞ்சம் இனிக்கவும் செய்தது. ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. யார் அவுட் என்று இன்னொரு பெண்ணோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த தன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொண்டுபோன முறுக்கில் பாதியை அவளிடம் கொடுத்தேன்.

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று மண்டபத்து வாசலில் வாழைமரம் கட்டி, இடம் முழுக்கக் கார்கள் நின்றன. "இனிமே கல்யாணம், ரிசப்ஷன், காதுகுத்துன்னு வந்துக்கிட்டே இருக்கும்மா" என்றார் மேனேஜர்.

தங்கை அவளுடைய குடியிருப்பு மீட்டிங்கில் சண்டை போட்டு, சனி ஞாயிறுகளில் சொந்தக்காரப் பிள்ளைகள் வரலாம் என்று அனுமதி வாங்கினாள். முதல் சனிக்கிழமை நான் ஸ்கூட்டியை எடுக்கும்போது, எதிர்வீட்டுப் பையன் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

"நானும் வாரேன் அத்தை."

"அங்க சொந்தக்காரங்களத்தான்டா விடுவாங்க" என்றேன்.

அவன் அம்மா வந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். போகும்போது என் மகளின் புது ஷூவை ஒரு பார்வை பார்த்தாள். மறுநாள் குழாயடியில் அவள் என்னோடு பேசவில்லை.