சின்னக்கருப்பன் திருப்பிக் கேட்ட சீட்டு

தன்னை அடிமையாக எழுதிய சீட்டை ஒரு மனிதர் திருப்பிக் கேட்டார் என்றால் கேட்பவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். என் அப்பாவுக்குக் கோபம் வந்தது.

அவர் பெயர் சின்னக்கருப்பன். சமயநல்லூருக்கு மேற்கே எங்கள் குடும்ப நிலத்தில் பண்ணையாள். அவருடைய தகப்பனார் தன் கல்யாணச் செலவுக்காக என் தாத்தாவிடம் கைநாட்டு வைத்துக் கொடுத்த சீட்டு அது. அடிமைமுறையைச் சர்க்கார் எப்போதோ ஒழித்துவிட்டதாம். அதனால் அதற்குக் கடன் சீட்டு என்று பெயர். 'நானும் என் சந்ததியும் தங்கள் பண்ணையில் உழைத்துவரக் கடவோம்' என்று ஆரம்பித்து, 'புளியமரத்துக்குக் கிழக்கே உள்ள மனையில் குடியிருந்துகொள்ளக் கடவோம்' என்று முடியும். மனை கொடுத்தது இரக்கப்பட்டு அல்ல. ஆள் ஓடிவிடக் கூடாதே, அதற்காக.

அந்த மனையில்தான் சின்னக்கருப்பன் மண்சுவர் எழுப்பி ஓலை வேய்ந்திருந்தார். அவர் மனைவி ஒச்சாயிக்கு அம்மை போட்டு இரண்டு கண்ணும் போய்விட்டன. ஆனால் அந்த வீட்டுக்குள் அவருக்குக் கண் தேவைப்படவில்லை. அடுப்பும் உரலும் கிணற்றடிக்குப் போகும் தடமும் கைக்கும் காலுக்கும் பழகியிருந்தன. தானே தண்ணீர் இறைத்து, தானே கஞ்சி காய்ச்சி, வேலையிலிருந்து வரும் புருஷனுக்கு ஊற்றிக் கொடுப்பார்.

என் அப்பா ராஜாராமன் மதுரையில் வக்கீல், கதர் கட்டியவர். தாத்தா காலமானதும், 1938இல், பெட்டியிலிருந்த சீட்டுகளையெல்லாம் எடுத்துக்கொண்டு சேரிக்குப் போனார். நானும் போனேன். ஒவ்வொன்றையும் கணீரென்று படித்துவிட்டுத் தீயில் போட்டார். கைதட்டினார்கள், மாலை போட்டார்கள், போட்டோவும் பிடித்தார்கள். நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா சாம்பசிவத்துக்கு, 'நம் குலத்தின் பாவம் சாம்பலாயிற்று' என்று எழுதினார். 'மிக்க சந்தோஷம் அண்ணா. இனி அவர்களுக்கு நாம் பொறுப்பில்லை' என்று பதில் வந்தது. அப்பா அதைப் படித்து நெகிழ்ந்துபோனார்.

1941இல் சித்தப்பா அந்தப் பக்கத்து நிலத்தை ரைஸ்மில் கட்டுவதற்கு ஒருவருக்கு விற்றார். புளியமரத்து மனையும் அதற்குள் போய்விட்டது. வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்ததும், சின்னக்கருப்பன் மதுரைக்கு நடந்தே வந்து எங்கள் வாசலில் நின்றார்.

"சாமி, அந்தச் சீட்டு வேணும்."

"எந்தச் சீட்டு?"

"எங்கய்யா கைநாட்டு வச்சது. மனையில நாங்க குடியிருக்கலாம்னு அதுல இருக்குல்ல. நீங்கதான படிச்சீக. அதக் கொண்டாந்து காட்டுனா இடிக்காம நிறுத்தலாம்னு கோர்ட்டுல சொல்றாக."

"அதைத்தான் உன் கண் முன்னாடியே கொளுத்தினேனே!"

"அம்புட்டும் எரிஞ்சிருச்சா சாமி? ஒரு நகலு கூடவா இல்ல?"

அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. என்னைப் பார்த்து, "பாத்தியா ஸ்யாமளா, விலங்கை ஒடைச்சுப் போட்டா அதையே தேடிண்டு வரா. இவாளுக்குச் சுதந்திரத்தோட அருமை தெரியலை" என்றார்.

"வேணும்னா திரும்ப எழுதிக் குடுக்குறேன் சாமி. மாடா உழைக்கிறேன். அவளுக்குக் கண்ணு தெரியாது. அந்த வீட்ட விட்டா அவ எங்கிட்டுப் போவா?"

எனக்குத் தாங்கவில்லை. "சீட்டு இல்லேன்னா என்னப்பா? அதுல என்ன எழுதியிருந்ததுன்னு நீங்களே கோர்ட்டுல சொல்லலாமே" என்றேன்.

அப்பா யோசித்தார். சாட்சி சொல்லப்போவதாகச் சித்தப்பாவுக்கு எழுதவும் செய்தார். 'தாங்கள் கூண்டேறினால் அன்றோடு நமக்குள் உறவில்லை' என்று பதில் வந்தது. அப்பா வாயை மூடிக்கொண்டார். ஊரெல்லாம் மேடையேறி முழங்கிய வாய் அது. நான் அவரோடு பேசாமல் இருந்து பார்த்தேன், அழுது பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் வீட்டை இடித்துவிட்டார்கள்.

சின்னக்கருப்பனும் ஒச்சாயியும் மதுரையை ஒட்டிய பழங்காநத்தத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அடுத்த வருஷம் தேடிக்கொண்டு போனேன். ரோட்டை ஒட்டி, குனிந்து நுழையும்படி ஒரு குடிசை. வாசலில் ஒச்சாயி உட்கார்ந்திருந்தார். அவர் இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருந்தது. அதன் மறுமுனை வாசல் கம்பத்தில் இருந்தது. யார் இப்படிக் கட்டியது என்று கத்தியே விட்டேன்.

"நாந்தான் பாப்பா," என்றார் பின்னால் வந்துகொண்டிருந்த சின்னக்கருப்பன். மூட்டை தூக்கும் வேலையிலிருந்து மத்தியானக் கஞ்சிக்கு வந்திருந்தார். "இந்த எடம் அவளுக்குப் பிடிபடல. ரெண்டு தடவ ரோட்டுல போயி விழுந்துட்டா. லாரி வருது, வண்டி வருது. நான் வேலைக்குப் போகணும்ல. என்ன செய்யச் சொல்றீக?"

கிண்ணத்தில் கஞ்சி ஊற்றி ஒச்சாயியின் கையில் கொடுத்தார். அவர் குடித்து முடித்ததும் சின்னக்கருப்பன் கிண்ணத்தைக் கழுவி வைத்தார். கயிறு இடுப்பை அழுத்துகிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார். முடிச்சைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டிவிட்டு வேலைக்குப் போனார்.