சதை கரைந்த மனிதர்

வீடு மாற்றுபவர்களின் சாமான்களைத் தூக்குவது அவர் தொழில். இரும்பு பீரோவை ஒற்றை ஆளாக முதுகில் சாய்த்து மாடியேறிவிடுவார். அதனால் கூட்டாளிகள் அவரையே 'பீரோ' என்று கூப்பிட்டார்கள். இஸ்திரிக் கடையில் வேலை பார்த்த மனைவி, காலையில் முட்டை அவித்து வைத்துவிட்டுத்தான் கிளம்புவாள். "டீசல் ஊத்தாம வண்டி ஓடுமா?" என்று முழுசாக வாயில் போட்டுக்கொள்வார்.

ஒருநாள் கால் வீங்கியது. செருப்புக்குள் பாதம் நுழையாமல் போகும் வரைக்கும் அவர் அதைச் சட்டை செய்யவில்லை. சிறுநீரகம் பாதிக்குமேல் போய்விட்டது என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் அவளை உட்காரவைத்துச் சொன்னார்: "புரதம் வயித்துல அமினோ அமிலமா உடையும்மா. சதை, தோல், நோயை எதிர்க்கிற சக்தி எல்லாத்தையும் உடம்பு அதை வச்சுத்தான் கட்டுது. கழிவு யூரியாவாகும்; அதை வெளியேத்த இவர் கிட்னிக்குத் தெம்பில்ல. குறைச்சுக் குடுங்க. ஆனா சில அமினோ அமிலத்தை உடம்பால செஞ்சுக்க முடியாது, சாப்பாட்டுலதான் வரணும். அடியோட நிறுத்திடாதீங்க."

'குறை' என்பது மட்டும்தான் அவள் காதில் விழுந்தது. முட்டை, மீன், பால், பருப்பு எல்லாம் நின்றன. வெறும் சோறும் பூசணிக்காயும் போட்டாள்.

"ஏண்டி, என்னைப் பட்டினி போட்டே கொன்னுடுவியா?"

"நீங்க இருக்கணும்னுதாங்க."

அவர் போட்டதைத் தின்றார். வெளியிலிருந்து வராததை உடம்பு தன் சதையிலிருந்தே பிடுங்கிக்கொண்டது. தோள் வற்றியது. கூட்டாளி, "நீ ரெஸ்ட் எடு அண்ணே" என்று வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டான். இத்தனைக்குப் பிறகும் சிறுநீரகம் கைவிட்டது. டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள்.

"இனிமே முட்டை தாராளமா குடுங்க. ரத்தத்தைச் சுத்தம் பண்ணும்போது அமினோ அமிலமும் கூடவே போயிடும்," என்ற ஆலோசகர் அவர் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இவ்வளவு நாள் என்ன குடுத்தீங்க?"

அவள் சொன்னாள்.

"கொஞ்சமாவது குடுக்கச் சொன்னேனேம்மா."

அன்று முட்டை அவித்துப் பிட்டு ஊட்டினாள். அவர் குமட்டித் துப்பினார். "எதைத் தின்னாலும் இரும்பை நக்கினாப்ல இருக்கு. வேணாம்." அவள் முகம் போன போக்கைப் பார்த்து, "அழாத. நல்லதுக்குத்தானே செஞ்ச," என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

சாதாரணச் சளியாகத்தான் வந்தது. அது நெஞ்சுக்குள் இறங்கியபோது எதிர்த்து நிற்க உடம்பில் சரக்கில்லை. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

"விதி, விடுக்கா," என்கிறார்கள் இஸ்திரிக் கடையில். அவளும் அப்படித்தான் சொல்லிக்கொள்ளப் பார்க்கிறாள். வாய் வரவில்லை.