பிலோமினா அக்காவின் நீல ஜோடி

கம்பெனி வாசலில் லாரிக்காகக் காத்துக்கொண்டிருந்தபோது பிலோமினா அக்காவின் கணவர் சேவியர் அண்ணன் போன் செய்தார். "உங்கக்கா போயிட்டா மணி" என்றார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் தேறி வருகிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். அழுகை வருவதற்கு முன்னால் எனக்கு வந்த நினைப்பு, அக்கா வளர்த்த அந்த நீல மீன் ஜோடியை இனி யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான். எழுதக் கூசுகிறது. ஆனால் இதைப் படிக்கிற உங்களில் பலர் அக்காவிடம் மீன் வாங்கியவர்கள். உங்களிடம் மறைத்து ஓர் அஞ்சலி எழுத எனக்குக் கை வரவில்லை.

பெரியநாயக்கன்பாளையத்தில் நாங்கள் வேலை பார்த்த மோட்டார் கம்பெனியில் பிலோமினா அக்கா ஸ்டோர்ஸ், நான் டிஸ்பாட்ச். ஃபைட்டர் மீன் வளர்க்கும் பைத்தியம் அங்கே எங்கள் இருவருக்கு மட்டும்தான். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் மீன் பேச்சும் தொடங்கிவிடும். பக்கத்தில் சாப்பிடுகிறவர்கள், "ஏனுங்க, பொண்ணு இன்னும் சம்மதிக்கலீங்களா?" என்று பெண் மீனை வைத்து ஓட்டுவார்கள். அக்கா கோபித்துக்கொண்டதே இல்லை. இன்னும் இல்லையென்று மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைவார்.

ஒருமுறை புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று அக்கா வீட்டுக்கு வந்தது. நானும் அப்போது அங்கே இருந்தேன். ஆணும் பெண்ணுமாக இரண்டு மீன் வேண்டும், வரவேற்பறையில் ஒரே கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு வைக்கப் போகிறோம் என்றார்கள். அக்கா மாட்டவே மாட்டேன் என்றுவிட்டார். சேர்த்துப் போட்டால் ஆண் அவளைக் கடித்தே கொன்றுவிடும் என்று எடுத்துச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு முகம் சுண்டிப்போனது. "ஜோடின்னா எந்நேரமும் ஒண்ணாவே கெடக்கோணுமா கண்ணு? தனித்தனி ஊட்ல இருந்தாத்தான் இதுக ரெண்டும் உசுரோட இருக்கும்" என்று சமாதானம் சொல்லி, ஆளுக்கொரு பாட்டிலில் ஒவ்வொன்றாகக் கொடுத்தனுப்பினார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டேதான் போனாள்.

இனப்பெருக்கத்துக்கு முன்னால் பெண் மீனைத் தேற்ற வேண்டுமென்று கொல்லைப்புறத்தில் ஒரு டிரம்மில் கொசுப்புழு வளர்த்தார். டெங்கு சோதனைக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். ஊரே கொசுவை ஒழிக்கப் பாடுபடும்போது நீங்கள் இப்படிச் செய்யலாமா என்று சத்தம் போட்டுவிட்டு டிரம்மைக் கவிழ்த்தார்கள். தப்புதானுங்க என்று தலையாட்டிக்கொண்டே அக்கா தேநீர் வடிகட்டியை எடுத்து வந்து, தரையில் நெளிந்த புழுவையெல்லாம் அவர்கள் கண்முன்னாலேயே அள்ளி மீனுக்குப் போட்டார். அதட்ட வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த வாரமே டிரம்முக்கு வலை கட்டிவிட்டார்.

மீன்களைச் சேர்ப்பதில் மட்டும் அக்காவை யாரும் அவசரப்படுத்த முடியாது. ஆணின் தொட்டிக்குள்ளேயே ஒரு கண்ணாடிக் குவளையை நிறுத்தி, அதற்குள் பெண்ணை விட்டு, நாள் கணக்கில் இரண்டும் பார்த்துக்கொள்ள மட்டும் விடுவார். முட்டைகளைத் தாங்க ஆண் நுரைக்கூடு கட்டியதுமே எனக்குக் கை பரபரக்கும். விட்டுவிடலாமே என்பேன். "அவன் வெறுந்தொட்டியிலயும் கூடு கட்டுவானுங்க மணி. அவனப் பாக்காதீங்க, அவளப் பாருங்க" என்பார். அவள் உடம்பில் வெளிர் பட்டைகள் விழ வேண்டும், வயிற்றுக்கடியில் வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும், அவளாகவே கூட்டைப் பார்த்துத் திரும்ப வேண்டும். இல்லையென்றால் அந்த மாதம் கிடையாது. அவ்வளவுதான்.

இத்தனையும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்தை விட்டு வெளியே வந்தபோது, மீன்களை நான் எடுத்துக்கொள்ள வேண்டுமென்று சேவியர் அண்ணன் கேட்டுக்கொண்டார். உடம்பு முடியாமல் போனதும் மற்ற மீன்களையெல்லாம் கொடுத்துவிட்ட அக்கா, இந்த ஜோடியை மட்டும்தான் வைத்திருந்தார். அந்த நீலம் வேறு யாரிடமும் இல்லை. அங்கேயே, உங்கள் அத்தனை பேர் முன்னாலும் நான் வாய் விட்டேன். முப்பதாம் நாள் பூசைக்குள் குஞ்சு எடுத்துவிடுவேன், வளர்ந்ததும் அக்கா நினைவாக ஆளுக்கொன்று தருவேன் என்றேன். நீங்களும் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். அக்காவின் நீலத்தைக் காப்பாற்றியவன் மணி என்று நாலு பேர் சொல்வார்கள் என்ற ஆசையும் அந்தப் பேச்சில் இருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன்.

வீட்டில் தொட்டி வைத்தேன், தண்ணீர் பதப்பட வாதாம் இலை போட்டேன், குவளையும் நிறுத்தினேன். ஆண் ஒரே ராத்திரியில் உள்ளங்கை அகலத்துக்குக் கூடு கட்டினான். பெண் குவளையின் அடியில் துடுப்பை மடக்கிக்கொண்டு கிடந்தாள். உடம்பில் பட்டை இல்லை, புள்ளி இல்லை. போட்ட தீனி அப்படியே கிடந்தது. பூசை நெருங்கிக்கொண்டிருந்தது. கூடுதான் இவ்வளவு பெரிதாக இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, காலையில் குவளையைத் தூக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். நின்று பார்க்கக்கூட இல்லை. அன்றைக்கு லோடு இருந்தது.

சாயங்காலம் வந்தபோது அவள் இலைக்கடியில் ஒருச்சாய்ந்து கிடந்தாள். வால் நார்நாராகியிருந்தது. ஒரு பக்கம் செதிலே இல்லை. தனியே எடுத்து உப்புத் தண்ணீரில் விட்டேன். விடியும்வரைகூடத் தாங்கவில்லை. ஆண் அப்போதும் கூட்டுக்கடியில் நின்றுகொண்டு நுரையைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் சேவியர் அண்ணனைத் தனியே அழைத்துப்போய், வேப்பமரத்தடியில் வைத்து நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அப்பாவி மனுஷன் வெகுநேரம் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றார். பிறகு, "ஆஸ்பத்திரில கெடந்தப்ப தெனமும் விசாரிப்பாளுங்க மணி" என்றார். குஞ்சைப் பற்றித்தானே என்று கேட்டேன். குஞ்சுக்கு ஏங்கியிருந்தாரென்றால் என் அவசரத்துக்கு ஒரு சாக்காவது கிடைத்துவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. அந்தப் புத்தியை என்ன சொல்வது! அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"குஞ்சுப் பேச்சே எடுத்ததில்லீங்க. பொட்டை சாப்பிட்டாளா, அது ஒண்ணுதான் கேப்பா."

அங்கே நிற்க முடியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆளுக்கொன்று என்று நான் சொன்னதை நம்பிக் காத்திருக்கிறவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். கொடுக்க எதுவும் இல்லை. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது தனியாக நிற்கும் இந்த ஆண் மீனும், அவர் படுக்கையிலிருந்து கேட்ட அந்த ஒரு கேள்வியும்தான். தினமும் காலையில் தீனி போட்டுவிட்டு, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை நிற்கிறேன். வேலைக்கு நேரமாகிறது. ஆகட்டும்.