பட்டி விதைக்கு வெந்நீர்

ஆண்டிமடம் பக்கத்தில் எட்டுப் பெண்கள் சேர்ந்து நடத்திய நர்சரிக்குத் தேவயானிதான் தலைவி. தலைவி என்றால் நாற்காலி கீற்காலி எல்லாம் கிடையாது. மற்றவர்கள் ஒரு குடம் தூக்கினால் இவள் இரண்டு குடம் தூக்குவாள், அவ்வளவுதான். கல் வெட்டி முடித்த சுண்ணாம்புக் குழியைச் சுற்றி நட, வனத்துறை ஆபீசில் நாலாயிரம் நாட்டுக் கருவேலங்கன்று கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை ஆபீசர் பார்க்க வருகிறார். முளைக்கவில்லை என்றால் நர்சரிக்குப் பூட்டுதான். எட்டுப் பேரும் பிள்ளைகளை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

விதைத்துப் பதினைந்து நாள். நாலாயிரம் பையில் ஒன்றிலாவது பச்சை தெரிய வேண்டுமே! ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், யாரும் இல்லாத நேரம் பார்த்து, தேவயானி ஒரு பைக்குள் விரலை விட்டுக் கிளறினாள். அகப்பட்ட விதை கூழாகப் பிதுங்கியது. அடுத்த பையிலும் கூழ்தான்.

மரத்தில் பறித்த கருவேலம் விதைக்குத் தோல் கெட்டி. கொதிக்க வைத்து இறக்கிய தண்ணீரில் ஊறப் போட்டால்தான் முளைக்கும். இந்தத் தடவை ஆபீஸ் வாங்கி அனுப்பியதோ ராசாங்கத்தின் ஆட்டுப்பட்டியில் பொறுக்கிய விதை. காயைத் தின்ற ஆடு அசைபோட்டுத் துப்பும்போதே தோல் இளகிவிடும்; அதற்குப் பச்சைத் தண்ணீரே போதும். ராசாங்கமும் படித்துப் படித்துச் சொன்னார். இவள் கேட்டால்தானே! இரண்டு நாள் முன்னதாக முளைக்கட்டும் என்று, கொதிக்கக் கொதிக்க ஊற்றித் தொலைத்தாள்.

மறுபடி விதைத்துவிட்டு ஆபீசரிடம் தவணை கேட்கலாம் என்று, விழுந்தடித்துப் பட்டிக்கு ஓடினாள்.

"அண்ணே, ஒரு மரக்கா வெதையாச்சும் குடுங்கண்ணே."

"எருவோட எல்லாம் டிராக்டர்ல போயிடுச்சும்மா. காயும் ஓஞ்சிடுச்சு," என்றார் ராசாங்கம்.

எரு கொட்டிய வயலில் பொழுது சாயும்வரை முட்டி போட்டுப் பொறுக்கினாள். முந்தானையில் ஒரு கைப்பிடி தேறியது. நாலாயிரம் பைக்கு ஒரு கைப்பிடி விதையை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

மறுநாள் ஆபீசர் வந்து, பைகளைக் காலால் புரட்டிப் பார்த்தார். "வெதயே மோசம்மா. அப்படியே எழுதிடறேன், உங்களுக்கு வேற வெத வந்துடும். அந்த ராசாங்கத்துக்கிட்ட இனிமே ஒரு வெத வாங்கக் கூடாது. ஏமாத்துக்காரன்!"

பெண்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. விதை ஊறப்போட்ட அன்று கூட இருந்த ஜோதி, பேசாமல் இரு என்பதுபோல் தேவயானியின் கையைப் பிடித்து அழுத்தினாள். தேவயானியால் முடியவில்லை.

"அவரு மேல தப்பு இல்லிங்க சார். நான்தான் வெந்நிய ஊத்தி அவிச்சிட்டேன்."

ஆபீசர் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். சாயந்திரம் கேட்டுக்குப் பூட்டுப் போட்டார்கள். மற்ற ஆறு பேரும் அவள் முகத்தைப் பார்க்காமலே நடந்துவிட்டார்கள். ஜோதி மட்டும் நின்றாள்.

"ராசாங்கத்துக்கு ஆடு இருக்குக்கா," என்றாள். "எங்களுக்கு என்னக்கா இருக்கு?"