புடவை விரித்த தெரு

கூட்டங்களில் கடைசி வரிசை தேடுகிறவள் நான். கோமதி மேடத்துடன் வேலை பார்த்தவர்களும், அவர் வாழ்ந்த அரசு ஊழியர் குவார்ட்டர்ஸில் இருப்பவர்களும் படிக்கப்போகும் இந்த நினைவு மலரில் எழுத வந்ததற்கு மன்னிக்க வேண்டும். எங்கள் தெருவில் பி.ஏ. முடித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் என்னைப் பிடித்துவிட்டார்கள்.

அன்று காலை வேலைக்குக் குவார்ட்டர்ஸ் போன அம்மா, சுவரிலுள்ள சின்ன வாசல் வழியாக உடனே திரும்பி வந்தாள். "மேடம் நம்மள வுட்டுப் பூட்டாங்கடி" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் குடிசைகள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் ஓரம் இருந்தன. அவற்றை இடித்து, எங்களை யமுனைக்கு அப்பால் அனுப்புவதாகப் பேச்சு. அங்கே மனை தருவார்களாம். வேலை இங்கேதான். காலையில் பாத்திரம் தேய்த்து, மதியம் வீட்டில் சோறு வடித்து, சாயங்காலம் மறுபடி போகும் அம்மா போன்றவர்களுக்கு அது பிழைப்பையே பறிப்பது. என் படிப்பும் அதோடு நின்றிருக்கும்.

வீட்டுவசதி அலுவலகத்தில் மேடம் கட்டட வரைவாளர். பக்கத்துக் காலி நிலத்தில் எங்களைக் குடிவைத்தாலும், அகலச் சாலை விட்டால் பாதிக் குடும்பங்களுக்கே இடம் இருக்கும் என்று அவருடைய மேலதிகாரி சொல்லியிருந்தார். மேடம் நேராக எங்களிடம் வந்தார்.

"அகலச் சாலை யாருக்கு? இங்க யார்கிட்ட கார் இருக்கு?"

"எங்க வூட்டுக்காரருகிட்ட சைக்கிள் கீது மேடம். அதுக்கும் செயின் இல்ல" என்றாள் பக்கத்து வீட்டு அஞ்சலை. மேடம் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சரி, நாளைக்கு வீட்டுக்கு ரெண்டு புடவை கொண்டாங்க."

மறுநாள் அந்தக் காலி நிலத்தில் விரித்தோம்: இரண்டு புடவைகளைச் சேர்த்தால் ஒரு வீட்டின் அளவு, மேலே ஒரு மாடி. நடுவில் தீயணைப்பு வண்டிக்கு ஓர் அகலத் தெரு, மற்றதெல்லாம் நடைவழி. காற்றில் பறக்காமல் மூலைகளில் செங்கல் வைத்தோம். மேலதிகாரி வந்து ஒரு புடவை மேல் காலை எடுத்து வைத்ததுதான் தாமதம், அம்மா கத்தினாள்: "அரே சாப், மிதிக்காதே! அது என் அடுப்பாங்கரை!"

நான் அதைத் தயங்கித் தயங்கி இந்தியில் சொன்னேன். அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு புடவைகளுக்கு நடுவிலேயே நடந்தார். எதிரே குடத்தோடு வந்த அஞ்சலை இடிக்காமல் கடந்து போனாள்.

"சார், இப்போ நீங்க நடந்தீங்களே, அதுதான் தெரு" என்றார் மேடம்.

கடைசிவரை நடந்துவிட்டு, "எல்லாக் குடும்பமும் இதற்குள் அடங்கிவிட்டதா?" என்று கேட்டார் அதிகாரி. அடங்கியிருந்தோம், ஒரு குடும்பம் விடாமல். அனுமதி இழுத்தடித்து வந்தது, ஆனால் வந்தது.

"ஊருக்குள்ளேயே இடம் இருக்கு. நடந்து பாத்தாத்தான் கண்ணுல படும்" என்பார் மேடம். குவார்ட்டர்ஸ் சுவரில் எங்கள் தெருப் பக்கம் வாசல் வைப்பதை எதிர்த்துச் சிலர் முணுமுணுத்தபோது, "அவங்க வேலைக்கு வரட்டும், நாம கீரை வாங்கப் போவோம்" என்றார். கூடையோடு முதலில் வந்தவரும் அவர்தான்.

இன்று எங்கே வீடு என்று யார் கேட்டாலும் தலை நிமிர்ந்து தெருவின் பெயரைச் சொல்கிறேன். மூலைகளில் செங்கல் கறை படிந்த அம்மாவின் பச்சைப் புடவை என்னிடம்தான் இருக்கிறது. எத்தனை வெளுப்பிலும் போகாத கறை அது.

ஒன்றைக் கேட்கத் தயங்கியே இவ்வளவு எழுதினேன். அந்தச் சின்ன வாசலை அடைத்து, அங்கே மேடத்தின் பெயரில் கல்வெட்டு பதிக்கப்போவதாகக் கேள்விப்பட்டோம். கல்வெட்டை வேறு எங்காவது வையுங்கள். வாசலை விட்டுவிடுங்கள்.